கருகல் வாடை

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு என்பது கல்யாணமாகி நாற்பத்தோராம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் வாஷ்பேசின் முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தார். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். "பயப்படாதே, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. நான் போட்ட கூச்சலில் மூன்று மாடிக்காரர்களும் கூடிவிட்டார்கள். மாமியார் மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை. அவருக்கு அது புதுசா என்ன?

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லுவாங்க" என்றார் மத்தியானம் என் முகத்தைப் பார்க்காமல். "நான் ஒண்ணுகூடச் சொல்லலைம்மா. நீங்க யாரும் கேக்கலை, நானும் வாயைத் திறக்கலை."

எப்படி இருக்கிறது நியாயம்? கேட்காதது என் குற்றம். பெண் பார்க்க வந்தவர்களிடம் உங்கள் பிள்ளைக்கு வலிப்பு வருமா என்று கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒரு வருஷம் மாமியாரோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அன்றைக்கு அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டுக்காரரோடு மட்டும் பேசாமல் இருக்க முடியவில்லை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷர். வலிப்பு வந்த அன்று சாயங்காலமே எதிரில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். வலிப்பு வருவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வாடை வரும். ரப்பர் கருகுகிற வாடை. வேறு யார் மூக்குக்கும் எட்டாது. அது மூளைக்குள்ளேயே கிளம்புகிற வாடை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாடை வந்தால் ஒரு நிமிஷம் அவகாசம் உண்டு. அந்த ஒரு நிமிஷத்துக்குள் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், தரையில் உட்கார வேண்டும்.

அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் அவர் முழு வாழ்க்கையையும் கட்டி வைத்திருந்தார். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு வாடை வந்துவிட்டது. ஓடவில்லை, கத்தவில்லை. குழந்தையைக் கட்டிலின் நடுவில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்து, அப்புறம்தான் உட்கார்ந்தார். நான் வந்து பார்க்கும்போது குழந்தை கால் உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது, அப்பா தரையில் துடித்துக்கொண்டிருந்தார். அன்றோடு அவர் மேல் இருந்த என் கோபம் போய்விட்டது. அவர் அம்மா மேல் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

அவருக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். கட்டிடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு கோடியில் அழுக்குத் துணி வரும், மறு கோடியில் மடித்த துணி போகும். நடுவில் ஒரு ராட்சச ரோலர். துவைத்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். கொதிக்கிற உருளை அதை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி நீட்டாகத் தள்ளும். பத்தொன்பது வருஷம் அவர் வலது முனையைப் பிடித்தார். இடது முனையைப் பிடித்தவள் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். சலவைக் கூடம் அவளுக்கு சோடாபுட்டி என்று பெயர் வைத்திருந்தது. இவருக்கு வைத்த பெயர் மடிப்பு. சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது, அதனால்.

சலவைக் கூடத்துக்கு அவர் நோய் தெரியும். சேர்ந்த மாதமே சொல்லிவிட்டார். அவர் அம்மா மாதிரி இல்லை அவர். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மடிப்பு "உட்காருறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோடாபுட்டி விரிப்பை விட்டுவிட்டு சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். ரோலர் நிற்கும். யாராவது ஒருவர் நாலு துண்டை மடித்து அவர் தலைக்கு அண்டை கொடுப்பார். எல்லாம் முடிந்ததும் டீ வரும். கேலியும் கூடவே வரும். "மடிப்புக்கு மட்டும் வேலை நேரத்திலேயே ஓய்வுப்பா" என்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஏழு தடவை. காலையும் மாலையும் மாத்திரை தவறாமல் போட்டார். கடைசி ஆறு வருஷம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் மறந்தே போனார்கள்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன கொரோனா வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது, ஆஸ்பத்திரி விரிப்பு மட்டும் மூன்று மடங்காக வந்தது. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர்களே தள்ளி நின்று பேசின காலத்தில், அந்த நோயாளிகள் வேர்த்தும் இருமியும் கிடந்த துணியை அள்ளிப் போட்டது இவர்கள்தான். மேலே இருந்தவர்களுக்குத் தலை முதல் கால் வரை மூடிய உடை. கீழே இருந்தவர்களுக்கு வாரத்துக்கு ஒரு முகக்கவசம். மூன்றாவது மாதம் இவருக்குக் காய்ச்சல் கண்டது.

அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். உள்ளே யாரையும் விடவில்லை. ஒரு பையில் துணி, சார்ஜர், வலிப்பு மாத்திரை அட்டை, ஒரு தாள். "இவருக்கு வலிப்பு நோய் உண்டு. இந்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, காவலாளி கையில் கொடுத்தேன். அந்தப் பை நாலு நாள் வாசல் மேஜைக்கு அடியில் கிடந்தது. நாலு நாள் அவருக்கு மாத்திரை இல்லை, சார்ஜர் இல்லாமல் போனும் அணைந்துபோயிருந்தது. கேட்டுப் பார்த்திருக்கிறார், "பெரிய டாக்டர் வரட்டும்" என்றார்களாம். நாலாம் நாள் மதியம் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்தார். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வார்டு பெருக்குகிற அம்மா போன் பண்ணினாள். அழுதுகொண்டே, "மடிப்புக்கு மறுபடி வந்துடுச்சும்மா" என்றாள். ஆறு வருஷம் கட்டிக் காத்ததை ஒரு மேஜையடி தின்றுவிட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இன்று வரை எவன் வாயிலிருந்தும் வரவில்லை.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. வெங்காயம் வதக்கினாலும் சோப்பு நுரைத்தாலும் ஒன்றுதான். ஒரு மாதம் அப்படி. பிறகு ஒரு நாள் மாலை டீயைக் கையில் கொடுத்தேன். வாங்கினவர் அப்படியே தரையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். உட்கார்ந்தார்.

நானும் மகளும் ஓடிவந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஒரு நிமிஷம் போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. ஒன்றும் வரவில்லை. "வாடை மட்டும் போகலை" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அன்று தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்து தடவை, பதினைந்து தடவை. காய்கறிக் கடை வரிசையில் உட்காருவார், மாடிப்படியில் உட்காருவார். வாடை வரும், வலிப்பு வராது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். கொரோனா வந்து போனவர்களில் பல பேருக்கு இப்படி இல்லாத வாடை வரும், நிறைய பேர் கருகல் வாடை என்றுதான் சொல்கிறார்கள், போகப்போகச் சரியாகும் என்றார். இவருக்கு வலிப்புக்கு முன்னால் வருவதும் கருகல் வாடைதான் என்றேன். "அது என் துறை இல்லைம்மா, நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றார். நரம்பு டாக்டரிடம் கேட்டால் நாலு மாதம் தள்ளித்தான் தேதி கொடுத்தார்கள். மூக்கு ஒருத்தருக்கு, மூளை ஒருத்தருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். நடுவில் கிடந்த மனுஷர் யாருக்கும் சொந்தமில்லை.

நான் பதினோரு வருஷம் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தவள். கொரோனாவில் அந்த கிளினிக்கை நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். வீட்டில் இனி அவர் வேலை ஒன்றுதான். அந்த வேலையும் ஆட்டம் காண ஆரம்பித்தது. ரோலர் முன்னால் நின்று மணிக்கு இரண்டு தடவை "உட்காருறேன்" என்றால் எந்தக் கம்பெனி தாங்கும்? சோடாபுட்டி சளைக்காமல் பொத்தானை அழுத்தினாள். மற்றவர்களுக்குத்தான் பொறுமை போய்விட்டது. கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜருக்குப் பழைய வழக்கமெல்லாம் தெரியாது. "வலிப்பு வந்தா சரி, வராத வலிப்புக்கெல்லாம் மிஷினை நிறுத்த முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேற ஆள் பார்த்துக்கொள்வேன் என்றானாம்.

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் கடைக்குப் போயிருந்தாள். இனி நான் எழுதப்போவது இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"இதுவரைக்கும் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

"இருநூறு இருக்கும்."

"ஒரு தடவையாவது வந்துச்சா?"

"இல்லை."

"அப்போ அது வெறும் மூக்கு. கொரோனா பண்ற சேட்டை. இனிமே வாடை வந்தா உடனே உட்காராதீங்க. மனசுக்குள்ள அறுபது வரைக்கும் எண்ணுங்க. நிஜமான வலிப்புன்னா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்ல? எண்ணி முடிச்சும் ஒண்ணுமில்லைன்னா வேலையைப் பாருங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எண்ணிட்டு இருக்கும்போதே வந்துட்டா?"

"இருநூறு தடவை வராதது அன்னிக்கு மட்டும் வந்துடுமா? நல்ல வாயா நாலு வார்த்தை பேசுங்க."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியனாம். நான் ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டே முழு வைத்தியம் பார்த்துவிட்டேன்.

அந்த மனுஷர் கேட்டார். அதுதான் வயிற்றெரிச்சல். பத்தொன்பது வருஷம் தன் உடம்பு சொன்னதைக் கேட்டுப் பிழைத்தவர், நான் சொன்னேன் என்று அதைக் கேட்பதை நிறுத்தினார். முதல் நாள் சாயங்காலம் வந்து, "எட்டு தடவை வந்துச்சு. எட்டு தடவையும் எண்ணினேன். ஒண்ணும் ஆகலை" என்றார். பரீட்சையில் பாஸான மாதிரி முகம். மேனேஜர் தோளில் தட்டிக் கொடுத்தானாம். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை. அந்த நாட்களில் அவர் சில சமயம் அப்படியே நின்றுவிடுவார். டீயில் சர்க்கரையைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தால் கலக்கிக்கொண்டே இருப்பார், கண் எங்கேயோ நிலைகுத்தி இருக்கும், உதடு லேசாகச் சப்புக் கொட்டும். "என்னங்க" என்று கூப்பிட்டால் பதில் இருக்காது. அரை நிமிஷம் கழித்து, "என்ன சொன்னே?" என்பார். நாக்கு நுனியில் இருக்கிற வார்த்தைக்குத் தடுமாறுவார். கொரோனா வந்தவர்களுக்கு மூளை மந்தமாகிவிடும், மறதி வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கணக்கில் இதையும் போட்டேன். வலிப்பு என்றால் கை கால் வெட்டி வெட்டி இழுக்க வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த வலிப்பு. மகள் ஒரு தடவை, "அப்பா என்னமோ மாதிரி நிக்கிறாரும்மா" என்றாள். "களைப்புடி" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்கு ரோலர் முன்னால் அவருக்கு வாடை வந்தது. எண்ண ஆரம்பித்திருக்கிறார். பாதியில் உதடு அசைந்ததைச் சோடாபுட்டி பார்த்தாள். ஏதோ முணுமுணுக்கிறார் என்று நினைத்தாளே ஒழிய அவருக்கு நினைவு தப்பியது அவளுக்குத் தெரியவில்லை. அவர் "உட்காருறேன்" என்று சொல்லவில்லையே! விழவும் இல்லை, துடிக்கவும் இல்லை. விரிப்பைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. விரிப்பு உள்ளே போயிற்று. கையும் கூடவே போயிற்று.

ரோலர் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் மிஷின் தானே நின்றுவிடும். விரிப்பு பட்டாலும் சில சமயம் நின்று தொலைக்கும் என்பதால், வேலை தடைபடுகிறது என்று, புது மேனேஜர் அதைத் துணி நாடாவால் தூக்கிக் கட்டி வைத்திருந்தான். சோடாபுட்டி எட்டிப் பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். அதற்குள் வலது கையில் நாலு விரலும் உள்ளங்கையில் பாதியும் வெந்துவிட்டது. நல்ல நினைவு வரும்போது, "இந்த வாடை எனக்கு மட்டுமா வருது?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டாராம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நரம்பு டாக்டர் வந்து நின்றார். நாலு மாதம் கழித்துத்தான் என்று சொன்ன தரிசனம் அரை மணியில் கிடைத்தது. பொறுமையான மனுஷிதான், பாவம். நான் சர்க்கரை கலக்கினதையும் சப்புக் கொட்டினதையும் சொன்னேன்.

"அதுவும் வலிப்புதாம்மா" என்றார். "துடிக்கிறது மட்டும் வலிப்பில்லை. காய்ச்சலும் மாத்திரை விட்டுப்போனதும் சேர்ந்து பழையபடி கிளப்பி விட்டிருக்கலாம். இவருக்குக் கொஞ்ச நாளாவே வந்துகிட்டு இருந்திருக்கு. வாடை வர்றப்போ பாதி மூக்கு, பாதி வலிப்பு. எது எதுன்னு அவராலயே பிரிச்சுச் சொல்ல முடிஞ்சிருக்காது. உட்கார்ந்து பழகினவர் ஏன் இப்போ உட்காரலை?"

இருநூறு தடவை வரவில்லை என்று அடித்துப் பேசினேனே, அதில் எத்தனை தடவை வந்ததோ யார் கண்டது.

விரல் நாலையும் எடுத்துவிட்டார்கள். மகள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "யாருப்பா உங்களை உட்கார வேண்டாம்னு சொன்னது? அந்த மேனேஜரா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலைம்மா. நானாத்தான்" என்றார். நான் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி, குறிப்பு எழுத ஒரு பெண், அந்த மேனேஜர். இந்தப் பக்கம் அவர், நான், மகள். அவர் கையால் எழுத முடியாது என்று மகளும் வந்திருந்தாள். சோடாபுட்டியை முதலில் கூப்பிட்டார்கள். தடுப்புக் கம்பியைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று ஆரம்பித்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று அதிகாரி அடக்கிவிட்டார். வெளியே போகும்போது என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"அன்னிக்கு வாடை வந்துச்சா?" என்று இவரைக் கேட்டார்கள்.

"வந்துச்சு சார்."

"வந்தா உட்காரணும்னு தெரியும்ல? ஏன் உட்காரலை?"

"நானா முடிவு பண்ணினேன் சார். வேலை நிக்கக் கூடாதுன்னு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்ல உங்களுக்குத் தெரியுமா? இவர் வாடை வந்தும் உட்காராம வேலை செய்றார்னு?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நான்தான் சார் உட்கார வேண்டாம்னு சொன்னேன், உங்க மேனேஜர் வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினதால சொன்னேன், மாத்திரையை நாலு நாள் மேஜைக்கு அடியில போட்டது நீங்க, கம்பியைக் கட்டினது நீங்க, எண்ணச் சொன்னது நான். அத்தனையும் தொண்டை வரை வந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். "என்கிட்ட அவர் எதையுமே சொல்றதில்லை."

அவர் தலையைத் திருப்பவில்லை. "ஆமா சார். அவகிட்ட நான் சொல்லலை" என்றார்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நோயின் நிலையை வீட்டாரிடமும் நிர்வாகத்திடமும் மறைத்து வேலை பார்த்ததால் நேர்ந்த விபத்து, நிர்வாகத்தின் மேல் தவறு இல்லை, இனி இவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள இயலாது. உரக்கப் படித்துக் காட்டினாள். வாழ்க்கையில் எதையுமே மறைக்காத மனுஷரின் இடது பெருவிரலை மையில் தொட்டு, அதன் கீழே அழுத்தி வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்தோம். அவர் முன்னால் படியிறங்கிப் போனார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா பண்ணுவே" என்றாள். "அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அவரை விட்டிருப்பியா?"

இரண்டு படி கீழேதான் இருந்தார். அவருக்குக் கேட்டது. நிற்காமல் இறங்கினார்.